எறும்பின் கால் ஒட்டும் அளவு

வெயிலில் இளகிய வெல்லமும் கதவுக்கு அடிக்கிற வார்னிஷும் கலந்தால் எப்படி மணக்குமோ, அப்படித்தான் மணக்கும், இன்ஜினின் மூடிகளுக்குப் பூசுகிற அந்தப் பழுப்பு நிற "பேஸ்ட்". செகந்திராபாத்தை ஒட்டிய போலாரத்தில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டு முற்றத்தில் ஒரு கோடை முழுவதும் அந்த வாசனை நின்றது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் அதோடு பக்கத்து வீட்டுச் சாச்சி "தம்" போடும் பிரியாணியின் புதினா மணமும் சேர்ந்துகொள்ளும். பத்து வயதில் நான் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டதால்தான் ஒரு கார் நடுரோட்டில் நின்றது, இரண்டு வீட்டுக்கு நடுவில் பேச்சும் நின்றது. பிள்ளைகளே, அதை உங்களுக்கு எழுதி வைத்துவிட வேண்டும் என்று போன மாதம்தான் தோன்றியது. பெரிய படிப்புப் படித்தவன் இல்லை நான். நடந்ததை நடந்த மாதிரி சொல்கிறேன்.

என் அப்பா பெயர் மணி, மத்திய அரசின் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். எங்கள் ஆட்கள் வெள்ளைக்காரன் காலத்திலேயே வேலூர்ப் பக்கத்திலிருந்து செகந்திராபாத்துக்கு வந்து தங்கிவிட்டவர்கள், ஆகவே வீட்டுக்குள் வேலூர்த் தமிழ், தெருவில் தெலுங்கு, பக்கத்து வீட்டோடு பாதி உருது என்று மூன்றும் எங்களுக்கு ஒரே மூச்சில் வரும். பக்கத்து வீட்டில் இருந்தவர் சாச்சியின் வீட்டுக்காரர் ரஹீம் சாச்சா (உருதுவில் சித்தப்பா), போவன்பள்ளி மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றி வருகிற லாரிகளுக்கு மெக்கானிக். அவரும் அப்பாவும் நான் பிறப்பதற்கு முன்னாலிருந்தே சிநேகிதர்கள். இரண்டு வீட்டுச் சமையலறைக்கும் நடுவில் ஒரே சுவர், அந்தச் சுவரில் இரண்டு செங்கல் எடுத்த அளவுக்கு ஒரு ஓட்டை. எங்கள் வீட்டுப் புளிக்குழம்பு அந்த வழியாகத்தான் அங்கே போகும், அவர்கள் வீட்டுக் "கட்டி தால்" என்கிற புளிப்புப் பருப்பு அதே வழியாக இங்கே வரும். கிண்ணத்தைத் திருப்பும்போது வெறுமையாகத் திருப்பக் கூடாது, கொடுக்க ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்பது அம்மாவும் சாச்சியும் பேசிவைத்துக்கொள்ளாமலே நடத்திவந்த வழக்கம்.

கார் எங்களுக்கு வந்தது ஒரு தண்ணீர் மோட்டாரால். போலாரத்தில் பட்டாளத்து பங்களாக்கள் நிறைய. அதில் ஒன்றில் தனியாக இருந்த மேஜர் வீட்டு அம்மாவுக்கு மோட்டாரைச் சரிசெய்து கொடுக்கப் போன அப்பா, கொட்டகையில் கோழிகள் ஏறி உட்கார்ந்திருந்த ஒரு சின்னப் பச்சைக் காரைப் பார்த்துவிட்டார். தவளைக் கண் மாதிரி இரண்டு விளக்கு, மரத்தில் செய்த தரை, அப்பா பிறப்பதற்கு முன்னால் கப்பலில் வந்த வண்டி. அந்த அம்மா ஊரைக் காலி செய்து மகனிடம் போகிற சமயம். "ஓட வெச்சா உன்னோடது, ஓடலைன்னா பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்துடு, ஆனா என் கண் முன்னாடி வெட்ட வேண்டாம்" என்று சொல்லி அப்பா கையில் சாவியைக் கொடுத்துவிட்டாள். சாச்சாவுக்குத் தெரிந்த காய்கறி லாரி ஒன்றின் பின்னால் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வந்தது நான்தான். வழியெல்லாம் கோழி இறகு பறந்தது.

அந்த வருஷம் மழைக்காலம் முடிந்ததிலிருந்து மாசி வரைக்கும் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அந்தக் காருக்கே போயின. துருவைச் சுரண்டினோம், தரைக்குப் புதுப் பலகை போட்டோம், சீட்டுக்குள் குடியிருந்த எலியைக் குடும்பத்தோடு அனுப்பினோம். முற்றத்து மரக்கிளையில் சங்கிலி மாட்டி இன்ஜினைத் தூக்கி வெளியே எடுத்தபோது லைன் முழுக்க வேடிக்கை பார்க்க வந்து நின்றது. அப்பா ஒரு போல்ட்டைக்கூட டப்பாவில் கொட்டிவைக்க மாட்டார். மூடியின் வடிவத்தை அட்டையில் வரைந்து, எந்தப் போல்ட் எந்த இடத்தில் இருந்ததோ அந்த இடத்தில் ஓட்டை போட்டுச் செருகி வைப்பார். சாச்சாவோ எல்லாவற்றையும் ஒரே தகர டப்பாவில் போட்டுவிட்டு, கையை விட்டுத் துழாவி, பார்க்காமலே சரியானதை எடுப்பார். "உங்க அட்டையை எலி கடிச்சா என்ன பண்ணுவீங்க மணி பாய்?" என்பார் சாச்சா. "உன் டப்பாவை யாராவது எட்டி உதைச்சா நீ என்ன பண்ணுவே?" என்பார் அப்பா. இப்படியே போகும் அவர்கள் பேச்சு.

பங்குனியில் ஒருநாள் இன்ஜின் ஓடியது. ஓடியது என்றால் இருமியது, புகைந்தது, கடைசியில் தையல் மெஷின் மாதிரி சீராகச் சத்தம் போட்டது. ஆனால் அன்றைக்குச் சாயங்காலமே அடியில் எண்ணெய் சொட்ட ஆரம்பித்துவிட்டது. இன்ஜினுக்குக் கீழே எண்ணெய் தேங்கி நிற்கிற தொட்டி ஒன்று உண்டு, அதைச் "சம்ப்" என்பார்கள். அதுவும் இன்ஜினும் சேருகிற விளிம்பில்தான் ஒழுக்கல். ஷாபாத் கல் பதித்த பொது முற்றத்தில் கறுப்புக் கறுப்பாக வட்டம் விழுந்தது. எதிர் வீட்டு ராமுலம்மா காலையில் முக்கு வைக்க வந்தால் அவள் கோலம் போடுகிற இடத்துக்கு நடுவில் எண்ணெய் ஓடியிருக்கும். "ஏமய்யா மணி, உன் காருக்கு ஒரு கோவணம் கட்டிவிடு, பச்சைக் குழந்தை மாதிரி நின்ற இடத்திலேயே போகிறது" என்று தெலுங்கில் அவள் சத்தமாகச் சொல்ல, லைன் முழுக்கச் சிரித்தது. அப்பாவும் சேர்ந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் அது என் பின்னாலேயே வந்து "மூத்திரக் கார்" என்று எனக்குப் பெயராகிவிட்டது.

சம்ப்பைக் கழற்றி மறுபடி முறையாகச் செய்வது என்று இருவரும் முடிவெடுத்தார்கள். ஒழுகாமல் இருக்க வேண்டுமானால் முதலில் விளிம்பு சமமாக இருக்க வேண்டும், அப்புறம்தான் பேஸ்ட்டும், இடையில் வைக்கிற கார்க் அட்டையான "பேக்கிங்"கும். தொழிற்சாலையில் மேடு பள்ளம் பார்க்க நீலச் சாயம் தடவுவார்களாம், வீட்டில் அதற்கு எங்கே போவது? அப்பா நேரே சமையலறைக்குள் நுழைந்தார். மேடையில் பதித்த கடப்பைக் கல்லைவிடச் சமமான இடம் அந்த லைனிலேயே கிடையாது. சாமி மாடத்திலிருந்த குங்குமத்தைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துக் கல்மேல் மெல்லிசாகத் தடவி, சம்ப்பை அதன்மேல் கவிழ்த்து இரண்டு இழுப்பு இழுத்தார். எங்கெல்லாம் சிவப்பு ஒட்டியதோ அதெல்லாம் மேடு.

"இன்னாங்க இது, சாமி குங்குமத்தைக் கொண்டாந்து காருக்குப் பூசறீங்க?" என்றாள் அம்மா.

"உனக்கு நெத்தி, அதுக்கு விளிம்பு. தப்பில்ல."

"அப்போ தாலியும் கட்டிடுங்க. பாதி நாள் அதுங்கூடத்தானே குடித்தனம்."

சுவர் ஓட்டைக்கு அந்தப் பக்கம் சாச்சி சிரிப்பது கேட்டது. சிவந்த இடத்தை உப்புத்தாளால் தேய்ப்பதும் மறுபடி கவிழ்த்துப் பார்ப்பதுமாக இரண்டு ஞாயிறு போனது. விளிம்பு முழுக்க ஒரே சீராகச் சிவப்பு ஒட்டிய அன்றைக்கு அப்பா அந்தச் சம்ப்பை ஒரு தாம்பாளம் மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வெளியே வந்தார்.

பேஸ்ட் பூசுவது சாச்சா, போல்ட் முடுக்குவது அப்பா என்று வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். மறுபடி வெளியே எடுத்த இன்ஜினைத் தலைகீழாகப் பலகைமேல் வைத்திருந்தார்கள். சாச்சா பிரஷ்ஷை டப்பாவின் வாயில் நன்றாக வழித்து, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படுகிற அளவுக்குத்தான் விளிம்பில் தடவினார். அப்பாவுக்கே அது போதுமா என்றிருந்தது. "இன்னும் கொஞ்சம் போடேன்யா" என்றார்.

"நக்கோ மணி பாய், வேணாம். இதுமேல எறும்பு நடந்தா காலு ஒட்டணும். முழுகக் கூடாது."

கார்க் பேக்கிங்கை அதன்மேல் வைத்து அதற்கும் ஒரு பூச்சுக் கொடுத்தார். பேஸ்ட் சற்றுச் சுண்ட வேண்டும், உடனே மூடக் கூடாது. ஆகவே இருவரும் கை கழுவிவிட்டு முனைக் கடைக்கு டீ குடிக்கப் போனார்கள். முற்றத்தில் நானும் இன்ஜினும் மட்டும் இருந்தோம்.

எனக்கு அந்தப் பூச்சில் நம்பிக்கையே வரவில்லை. ஒன்றை ஒழுகாமல் அடைப்பது எப்படி என்று எனக்குத் தெரியும், ஞாயிறுதோறும் பார்க்கிறேனே! சாச்சி தேக்சா என்கிற பெரிய பாத்திரத்தில் அரிசியும் கறியும் அடுக்கி, கோதுமை மாவைக் கயிறு மாதிரி உருட்டி, விளிம்பு முழுக்கத் தடிமனாக ஒட்டி, மூடியை அழுத்தி வைப்பாள். ஒரு பொட்டு ஆவி வெளியே வராது. மிச்ச மாவை எனக்கு விளையாடக் கொடுப்பாள். அன்றைக்கும் அந்த உருண்டை என் கையில் இருந்தது. அதை நீளமாக உருட்டினேன். பேக்கிங்கின் உட்பக்க ஓரமாக, யார் கண்ணுக்கும் படாதபடி, சுற்றிலும் பதித்தேன். மேலே பிரஷ்ஷால் தாராளமாகப் பேஸ்ட்டையும் அடித்தேன். நிறம் ஒன்றாகிவிட்டது.

திரும்பி வந்து சம்ப்பை வைத்து முடுக்கும்போது வெளியே கொஞ்சம் பேஸ்ட் வழிந்தது. "இன்னிக்கு உன் கை தாராளம்யா" என்று அப்பா துணியால் துடைத்துவிட்டார். வேறு போல்ட்டைத் தேடிக்கொண்டிருந்த சாச்சாவின் காதில் அது விழவில்லை.

இன்ஜினைக் காரில் ஏற்றி ஓட்டிப் பார்த்துவிட்டு அடியில் ஒரு செய்தித்தாளை விரித்து வைத்தார்கள். மறுநாள் காலையில் தாள் காய்ந்த தாளாகவே இருந்தது. ராமுலம்மாவே குனிந்து பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, பிள்ளை வளர்ந்துவிட்டான்" என்றாள். அப்பாவும் சாச்சாவும் ஒருவரை ஒருவர் முதுகில் தட்டிக்கொண்டார்கள். எனக்கோ உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை. இதைச் செய்தது நான் என்று யாருக்கும் தெரியவில்லையே, ஒருநாள் பெரியவனானதும் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு இரண்டு குடும்பமும் ஷாமீர்பேட்டை ஏரிக்குப் புறப்பட்டோம். சாச்சியின் மடியில் துணி சுற்றிய தேக்சா, அம்மாவின் மடியில் நான். ஹக்கிம்பேட்டை தாண்டியதும் எண்ணெய் காட்டுகிற முள் மெல்லக் கீழே இறங்கியது. அப்பா அதை விரலால் தட்டிப் பார்த்தார். அப்போது இன்ஜினுக்குள் யாரோ சுத்தியால் கதவைத் தட்டுவது மாதிரி ஒரு சத்தம். "பந்த் கர்! பந்த் கர் மணி பாய்!" என்று சாச்சா கத்த, அப்பா சாவியைத் திருப்பினார். அதற்கப்புறம் காற்றுச் சத்தம்தான். ஏரியைப் பார்க்காமலே, ரோட்டோரத்துப் புளியமரத்தடியில் பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு, ஒரு டிராக்டரின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

மறுநாள் சம்ப்பைத் திறந்தார்கள். எண்ணெயை உறிஞ்சி மேலே அனுப்பும் குழாயின் வாயில் ஒரு சல்லடை உண்டு. அதை முழுக்க அடைத்துக்கொண்டு பழுப்பு நிறக் கட்டிகள். எண்ணெய் மேலே போகாமல் பேரிங்குகள் தேய்ந்துவிட்டன. அந்தக் கட்டிகளைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. சூட்டில் வெந்து, காய்ந்து, உடைந்து விழுந்த என் மாவு அது.

சாச்சா ஒரு கட்டியை நசுக்கி மூக்கருகே கொண்டுபோனார். "யே பேஸ்ட் நஹி, மணி பாய். இதுல வேற ஏதோ கலந்திருக்கு."

"பூசினது நீ. அப்போ கலந்தது யாரு?"

"நான் எறும்புக் கால் அளவுதான் பூசினேன். மிச்சத்தை ஜின் பிசாசு வந்து பூசிச்சா?"

"அன்னிக்கு வழிஞ்சுது. நான்தான் தொடச்சேன். நீ அள்ளி அப்பினதை நான் பார்த்தேன்யா."

"பார்த்தீங்களா?"

"என் கண்ணால பார்த்தேன். லாரிக்குப் பூசற கை அது. இந்த மாதிரி இன்ஜினுக்கெல்லாம் லாயக்குப்படாது."

ஆறு மாத ஞாயிற்றுக்கிழமைகள் வீணான கோபம் அப்பாவுக்கு. ஆனாலும் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. சாச்சா ஒவ்வொரு விரலாகக் கையைத் துடைத்து, அந்தத் துணியை நாலாக மடித்துக் காரின்மேல் வைத்துவிட்டு, "டீக் ஹை, சரி" என்று மட்டும் சொல்லி வீட்டுக்குள் போய்விட்டார். நான் இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறந்திருந்தால் அந்த நிமிஷமே முடிந்திருக்கும். திறக்கவில்லை.

அதற்கப்புறம் ஐந்து வாரம். அப்பா ஒரு நேரம் பார்த்து வெளியே போனால் சாச்சா வேறு நேரம் பார்த்துப் போனார். முதலில் கிண்ணங்கள் மட்டும் போய்வந்துகொண்டிருந்தன. ஒருநாள் அம்மா கொடுத்தனுப்பிய கிண்ணம் கழுவித் துடைத்து வெறுமையாகத் திரும்பி வந்து ஓட்டையில் உட்கார்ந்திருந்தது. அம்மா அதைக் கையில் எடுத்து உள்ளே பார்த்துக்கொண்டே நின்றாள். "ஒரு பிடி சர்க்கரைகூடப் போடல பாரு" என்றாள், என்னிடமா தன்னிடமா என்று தெரியவில்லை. மூன்று தடவை அப்பாவிடம் சொல்லலாம் என்று போய், "பென்சில் வாங்கணும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். அடிக்குப் பயந்து அல்ல. அப்பா என்னை அடித்தது கிடையாது. சொன்னால் இரண்டு வீட்டிலுமே எனக்கு இடம் இல்லாமல் போய்விடும் என்று பயம்.

அப்புறம் ஒரு சேதி வந்தது. சாச்சாவின் பெண் கல்யாணமாகிப் பழைய நகரத்தில் இருந்தாள், அவள் வீட்டுப் பக்கத்திலேயே வீடு பார்த்தாகிவிட்டது, வருகிற ஞாயிறு காலி செய்கிறார்கள். பெண்ணுக்காகப் போகிறார்களா சண்டையால் போகிறார்களா என்று லைனில் ஆளுக்கொரு பேச்சு. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: டெம்போ கிளம்பிவிட்டால் அப்பாவும் சாச்சாவும் ஆயுசுக்கும் இப்படியே இருந்துவிடுவார்கள்.

அந்த ஞாயிறு, சாமான் ஏற்ற வந்த ஆட்களுக்காகச் சாச்சி முற்றத்தில் மூன்று கல் வைத்து, கடைசித் தடவையாகத் தேக்சா ஏற்றினாள். நான் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாவைப் பிசைந்து, உருட்டி, விளிம்பில் சுற்றி ஒட்டி, மூடியை அமுக்கினாள். தட்டில் ஒரு உருண்டை மிச்சம் இருந்தது. எப்போதும் போல அதை எடுத்து என் பக்கம் நீட்டினாள்.

நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"கைக்கு நக்கோ பேட்டா, ஏன் வேணாம்? சாச்சி ஊருக்குப் போறேன்னு கோபமா?"

அவ்வளவுதான், எனக்கு அழுகை வந்துவிட்டது. மாவு, கயிறு, பேஸ்ட் எல்லாம் தாறுமாறாகக் கொட்டினேன். சாச்சி முதலில் சிரித்தாள். "இன்ஜினுக்குத் தம் போட்டியா நீ?" என்றாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. கையிலிருந்த உருண்டையை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தட்டில் வைத்தாள். "இந்தப் பூச்சு ஒரு மணி நேரத்துக்குடா. அப்புறம் உடைச்சு ஆட்டுக்குப் போடறது. உள்ள ஒரு துளி விழுந்தாலே சாப்பிடறவங்க என்னைத் திட்டுவாங்க, நீ இன்ஜினுக்கே ஊட்டிட்டியே" என்றாள். அப்புறம் என் தோளைப் பிடித்து எங்கள் வீட்டுப் பக்கம் திருப்பினாள். "உங்க அப்பா வர்ற வரைக்கும் இந்த மூடியை நான் திறக்க மாட்டேன். டெம்போக்காரன் பசியில கத்துவான். அடி பிடிச்சாலும் சரி. ஓடு."

அப்பா வீட்டுக்குள், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஏற்கனவே சுத்தமாக இருந்த ஸ்பேனர்களைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். ஒரே மூச்சில் சொன்னேன். அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"எவ்ளோ தடிமன்?" என்றார்.

என் சுண்டுவிரலைக் காட்டினேன். அவர் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, செருப்புக்கூடப் போடாமல் நடந்தார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டுப் பின்னாலேயே வந்தாள்.

வெளியே டெம்போவில் பீரோ ஏறிக்கொண்டிருந்தது. அப்பா சாச்சா முன்னால் போய் நின்றார். "சம்ப்பு திறந்தாப்லயே கிடக்குது. பூசறதுக்குக் கை வேணும்" என்றார்.

"நக்கோ, மணி பாய். லாரி கை. லாயக்குப்படாது."

பீரோ தூக்கிய ஆட்களும் நின்றுவிட்டார்கள். அப்பாவுக்குப் பின்னால் ஒளிந்திருந்த நான் முன்னால் வந்து, "நான்தான் சாச்சா. சாச்சி குடுத்த மாவை உருட்டி வெச்சேன்" என்றேன். சாச்சா குனிந்து என் முகத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியவில்லை.

"மைதாவா, கோதுமையா?"

"கோதுமை."

"அதான் வாசனை தெரிஞ்சுது" என்றார், ஐந்து வாரமாகத் தீராத ஒரு கணக்கை முடித்த மாதிரி. ஆனால் அவர் நிமிர்ந்தபோது முகம் இறுகித்தான் இருந்தது. "பையன் தன்னோடதைச் சொல்லிட்டான். இப்ப நீங்க சொல்லுங்க, மணி பாய்."

அப்பா தரையைப் பார்த்தார். கறுப்பு எண்ணெய் வட்டங்கள் ஷாபாத் கல்லில் இன்னும் போகாமல் இருந்தன. நான் அவர் கையைப் பிடித்திருந்தேன்.

"பார்த்தேன்னு சொன்னேன்" என்றார். "நான் பார்க்கலை, ரஹீம்."

அவ்வளவுதான் சொன்னார். மன்னிப்பு என்கிற வார்த்தை எந்த மொழியிலும் அவர் வாயில் வரவில்லை. சாச்சா சாச்சியின் பக்கம் திரும்பி, "அடி பிடிக்குது, மூக்கு இல்லியா உனக்கு? திற" என்றார். சாச்சி கரண்டிக் காம்பால் மாவுப் பூட்டைத் தட்டினாள். அது துண்டு துண்டாக உடைந்து வெளியே விழுந்தது. ஒரு துளிகூட உள்ளே விழவில்லை. அடியில் உண்மையாகவே பிடித்திருந்தது. அந்தக் கருகல் சோற்றை அப்பா தன் தட்டில் போட்டுக்கொண்டார்.

அன்றைக்கே அவர்கள் போய்விட்டார்கள், அதில் மாற்றமில்லை. ஆனால் அதற்கப்புறம் ஞாயிறுதோறும் இரண்டு பஸ் மாறி சாச்சா வந்தார். பேரிங்குகளைச் சரிசெய்து, மறுபடி குங்குமம் தடவிப் பார்த்து, எறும்புக் கால் அளவுக்குப் பூசி, பேஸ்ட் சுண்டும் வரையில் அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நிற்க, சம்ப்பை மூடினார்கள். அப்புறம் ஏரியையும் பார்த்தோம்.

அந்தக் கார்தான் இப்போது அல்வாலில் நம் வீட்டுக் கீழே துணி போர்த்தி நிற்கிறதே, அது. போன மாதம் பல வருஷம் கழித்து மறுபடி சொட்ட ஆரம்பித்ததால் நான் சம்ப்பைக் கழற்றினேன். நீங்கள் இருவரும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். சம்ப்பின் மூலையில், வார்ப்பில் இருந்த ஒரு சின்னக் குழியில், கடுகு அளவுக்குப் பழுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. "என்னப்பா இது?" என்று பெரியவள் தெலுங்கில் கேட்டாள். நான் நகத்தால் பெயர்த்து எடுத்துப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. எத்தனை தடவை எண்ணெய் மாற்றியும் போகாமல் இருந்திருக்கிறது. அன்றைக்கு உங்களுக்குப் பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டேன், அதனால்தான் இவ்வளவும் எழுதினேன்.

லைன் வீடுகள் இருந்த இடத்தில் இப்போது நாலு மாடிக் கட்டடம், அதில் எந்தச் சுவரிலும் ஓட்டை கிடையாது. அந்தப் பழுப்புப் பேஸ்ட் டப்பாவை நான் எங்கும் பார்ப்பதில்லை, டியூபிலிருந்து பிதுக்குகிற சாம்பல் நிறப் பசைதான், அதற்கு வாசனையே இல்லை. அப்பா இல்லை. சாச்சா அவருக்கு முன்னாலேயே போய்விட்டார். சாச்சி இருக்கிறாள், பழைய நகரத்தில் பெண்ணோடு. அவளுக்குக் காது மந்தம். போன் செய்து இரண்டு தடவை கத்திய பிறகுதான் புரிந்துகொண்டாள்.

"என்னது, இன்னும் ஒண்ணு உள்ள இருந்துச்சா?" என்றாள். "அப்போ இன்னொரு வாட்டி நேர்ல வந்து சொல்லிட்டுப் போ."

சரி என்றேன். பிரியாணி உண்டா என்று கேட்டேன்.

"தேக்சாவைத் தூக்க இப்ப யாருக்கு முடியுது? குக்கர்தான். அதுவும் சைடுல ஆவி விடுது. வர்றப்ப அதுக்கு ஒரு ரப்பர் கேஸ்கெட் வாங்கிட்டு வா. மாவு கீவு நக்கோ."

அஞ்சு லிட்டர் குக்கருக்கான கேஸ்கெட் ஒன்று வாங்கி, அந்தக் கடுகுக் கட்டியைப் போட்ட தீப்பெட்டியோடு, சம்ப்பை மறுபடி மூடிய அந்தக் காரின் முன் சீட்டில் வைத்திருக்கிறேன். இந்த ஞாயிறு காலையில் எல்லோரும் போகிறோம். உங்கள் பாட்டி நேற்றிலிருந்தே புளிக்குழம்புக்கு ஒரு கிண்ணம் தேடிக்கொண்டிருக்கிறாள். பழைய கிண்ணம்தான் வேண்டும் என்கிறாள், மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா வேண்டாமாம். அதைச் சாச்சி எப்படித் திருப்பிக் கொடுக்கிறாள் என்று நீங்களே பாருங்கள்.